என்ஜின் கீழே இறங்கியிருக்கும்போது: போர்ஷே 996இல் எதைச் செய்வது, எதை விட்டுவிடுவது

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக மீண்டும் சொல்லிவிடுகிறேன். கார் 2003ஆம் ஆண்டின் போர்ஷே 911 கரேரா, 996 வகை, 3.6 லிட்டர் என்ஜின், கையால் மாற்றும் கியர், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டியதால் இரண்டையும் சேர்த்தே கீழே இறக்கிவிட்டீர்கள். இறக்கியதுதான் இறக்கினோம், வேறு எதையெல்லாம் இப்போதே முடித்துவிடலாம் என்று கேட்கிறீர்கள். ஆயில் சீல் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்று ஒருவரும், ரப்பராக இருப்பதையெல்லாம் மாற்றிவிடுங்கள் என்று இன்னொருவரும் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு ஆலோசனைகளையும் நான் ஏற்கமாட்டேன். இந்தக் காரில் செலவின் பெரும்பகுதி கூலிதான். அதை நீங்கள் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு பாகத்தின் முன்னும் நின்று கேட்க வேண்டிய கேள்வி, "இதை இன்று விட்டால், இதற்காகவே இன்னொரு முறை என்ஜினை இறக்க நேருமா?" என்பதுதான். ஆம் என்றால், பாகம் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். இல்லை என்றால், கெட்டுப்போன பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரேக் பேடும் ஏர் ஃபில்டரும் பேட்டரியும் இந்தப் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டால், பணமும் பொறுமையும் தீர்ந்து, கடைசியில் என்ஜின் ஆறு மாதம் தரையிலேயே கிடக்கும். அப்படிக் கிடக்கும் என்ஜின்கள் நிறையவே உண்டு.

ஆனால் அந்தக் கேள்விக்கும் முன்னதாக ஒன்று இருக்கிறது: இந்த என்ஜின் இத்தனை செலவுக்குத் தகுதியான நிலையில் இருக்கிறதா? இதைப் பார்க்காமல் பாகங்களுக்கு ஆர்டர் கொடுப்பதுதான் நான் அதிகம் கண்ட தவறு. என்ஜினை இறக்குவதற்கு முன்பே கணினியை மாட்டி, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுகளின் விலகல் அளவைக் குறித்துக்கொண்டிருந்தால் மிகவும் நல்லது. அது இரு பக்கத்திலும் 6 டிகிரிக்குள் நிலையாக நின்றால் செயின்களும் டைமிங்கும் ஒழுங்காக இருப்பதாகக் கொள்ளலாம். அதைச் செய்யவில்லை என்றாலும் கவலை இல்லை. தரையில் இருக்கும் என்ஜின் தன் நிலையைத் தானே சொல்லும்; கேட்க வேண்டிய இடங்கள் ஆயில் ஃபில்டர், ஆயில் சம்ப் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி), சிலிண்டர் சுவர் ஆகிய மூன்று.

ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். இந்த என்ஜினில் இருப்பது பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைக்கும் காகித ஃபில்டர். அதைக் கழற்றி, கூர்மையான கத்தியால் இரு முனை வளையங்களின் ஓரமாக அறுத்து, மடிப்புகளைத் துருத்தி போல விரித்து, வெள்ளைத் துணிமேல் வைத்து நல்ல வெயிலில் பாருங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் சுற்றி மடிப்புகளின்மேல் மெதுவாக நகர்த்துங்கள். உறையின்மேல் எதுவும் ஒட்டவில்லை என்றால் நிம்மதி. பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள் ஒன்றிரண்டு இருந்தால் அவை செயின் உரசும் வழிகாட்டிப் பட்டைகளிலிருந்து வந்தவை. இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு சிறிதளவு இருப்பது பொறுக்கக்கூடியது. காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு அலுமினியம். பிஸ்டன், சிலிண்டர் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். காந்தத்துக்குத் துள்ளி ஒட்டும் பளபளப்பான செதில்கள் எஃகு. அவை ஏதோ ஒரு பேரிங் உதிரத் தொடங்கிவிட்டதன் அடையாளம். பிறகு சம்பைக் கழற்றி, அடியில் படிந்த கசடையும் இதே வகையில் சோதியுங்கள்.

ஒருமுறை என் நண்பரின் காரில் இதைச் செய்தபோது, புதிய கிளட்ச், புதிய பேரிங், புதிய வாட்டர் பம்ப் எல்லாம் பெட்டி பிரிக்காமல் மேசைமேல் அடுக்கப்பட்டிருந்தன. ஃபில்டரை விரித்ததும் மடிப்புக்கு மடிப்பு அரிசி நொய்யின் கால்வாசி அளவில் எஃகுத் துகள்கள் மின்னின. பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டலாமே என்று அவர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். கூடாது, ஏனென்றால் அந்தத் துகள்கள் அதற்குள் ஆயில் வழிகள் எங்கும் பயணம் செய்து, பிஸ்டன்கள் சுழற்றும் பிரதான தண்டான கிராங்க் ஷாஃப்டின் ஷெல் பேரிங்குகளிலும் கேம்களின் தாங்கிகளிலும் பதிந்திருக்கும். எஃகுத் துகள் கண்ட என்ஜினை முழுவதும் பிரித்துக் கழுவாமல் புதிய பேரிங் போடுவது பயனற்ற செலவு. மேசைமேல் இருந்தவற்றில் திருப்பிக் கொடுக்க முடிந்ததைக் கொடுத்துவிட்டு, அந்த என்ஜினை முழுப் பிரிப்புக்கு அனுப்பினோம்.

மூன்றாவது சோதனை சிலிண்டர் சுவர். 3.6 லிட்டர் என்ஜின்களில், குறிப்பாகக் காரின் வலப்புறமுள்ள 4, 5, 6ஆம் சிலிண்டர்களில், பிஸ்டன் சுவரைக் கீறும் கோளாறு அறியப்பட்ட ஒன்று. குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது டக் டக் என்ற ஓசை, இரு சைலன்சர் முனைகளில் ஒன்றில் மட்டும் அடர்ந்த கரி, கூடும் ஆயில் செலவு ஆகியவை அதன் அறிகுறிகள். பிளக் துளை வழியாகப் போரோஸ்கோப் என்ற மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தால் சுவரின் மேல்பகுதி மட்டுமே நன்றாகத் தெரியும். கீறல் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில்தான் தொடங்கும். இப்போது சம்ப் கழன்றிருப்பதால், பிஸ்டனை மேலே தள்ளிவிட்டு அடிப்பக்கமாகக் கேமராவை நுழைத்துப் பார்க்க முடியும். என்ஜின் தரையில் இருப்பதன் முதல் லாபம் இதுதான். மெல்லிய நேர்க்கோடுகள் இயல்பு; விரல் அகலத்துக்குப் பட்டையாகத் தெரியும் கீறல் இருந்தால், இந்தப் பதிலின் மீதியைப் படிக்காமல் நல்ல என்ஜின் கட்டுநரைத் தேடுங்கள்.

மூன்றிலும் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடர்கிறேன். இனி முதல் இடம், இந்த வகைக் காரைப் பற்றிப் பேசும் எவரும் தவிர்க்க முடியாத இடைத்தண்டுப் பேரிங்குக்கு. 911 வரிசையில் தண்ணீரால் குளிரூட்டப்பட்ட முதல் தலைமுறை 996. அதன் கரேரா மாடல்களில் வந்தது, போர்ஷேயின் இன்னொரு காரான பாக்ஸ்டரில் முதலில் அறிமுகமான எம்96 என்ற என்ஜின் குடும்பம். இதில் கிராங்க் ஷாஃப்ட் நேராகக் கேம்களைச் சுழற்றுவதில்லை. அதற்குக் கீழே படுத்திருக்கும் ஓர் இடைத்தண்டை ஒரு செயின் சுழற்றுகிறது. அந்தத் தண்டின் முன்முனையிலிருந்து ஒரு பக்கத்துக் கேம்களுக்கும், பின்முனையிலிருந்து மறுபக்கத்துக் கேம்களுக்கும் தனித்தனிச் செயின்கள் செல்கின்றன. தண்டின் ஒரு முனை ஆயில் அழுத்தத்தில் மிதக்கும் எளிய தாங்கியில் சுழல்கிறது. ஃப்ளைவீல் பக்கத்து முனையில்தான், உள்ளே கிரீஸ் அடைத்து இருபுறமும் மூடிய குண்டு பேரிங் ஒன்றை வைத்தார்கள்.

வம்பு அந்த மூடியில் இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லச் சூடான ஆயில் சீலைக் கடந்து சிறிது சிறிதாக உள்ளே புகுந்து கிரீஸைக் கரைத்துவிடுகிறது. புகுந்த ஆயிலும் வெளியேற வழியின்றித் தேங்கிப் பழசாகிறது. நீங்கள் எத்தனை முறை ஆயில் மாற்றினாலும் புதிய ஆயில் அந்தக் குண்டுகளை ஒழுங்காகச் சென்றடைவதில்லை. பழைய பேரிங்கை இழுத்தெடுத்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்: தண்டின் குழாய்க்குள்ளிருந்து கறுத்து நாறும் ஆயில் ஒரு சிறு கோப்பை அளவு வடியும். பேரிங் உடைந்தால் தண்டு தன் இடத்தை விட்டு நகரும், செயின்கள் தாவும், வால்வும் பிஸ்டனும் மோதும். முன்னெச்சரிக்கை பல நேரங்களில் இருக்காது. 2000–2001 வாக்கில் இரட்டை வரிசைப் பேரிங்குக்குப் பதிலாக ஒற்றை வரிசைப் பேரிங் வந்தது. உங்கள் 2003 காரில் இருப்பது அந்த ஒற்றை வரிசைதான், இரண்டில் பலவீனமானதும் அதுதான். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களின் உரிமையாளர்கள் சார்பில் தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. எல்லாக் கார்களிலும் இது உடையும் என்று சொல்ல முடியாது. முதல் பேரிங்கோடு இன்றும் ஓடுபவை ஏராளம். ஆனாலும் உடைந்தால் இழப்பு முழு என்ஜின் என்பதாலும், பேரிங் இப்போது உங்கள் கண்முன் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாலும், இதை விட்டுவிட்டு மறுபடி மாட்டுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

எதை மாற்றாகப் போடுவது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. செராமிக் குண்டுகள் கொண்ட திறந்த பேரிங் ஒன்று. விலை குறைவு, ஆனால் அதைத் தயாரிப்பவர்களே குறிப்பிட்ட கிலோமீட்டருக்குப் பிறகு மாற்றச் சொல்கிறார்கள், ஆகவே அடுத்தடுத்த கிளட்ச் வேலையோடு அதையும் கணக்கில் வைக்க வேண்டும். மற்றது, குண்டுகளே இல்லாமல், ஆயில் ஃபில்டர் பக்கமிருந்து குழாய் வழியாக அழுத்தத்தில் ஆயில் பெறும் எளிய தாங்கி. விலை கூடுதல், ஆனால் தண்டின் மறுமுனையில் தொழிற்சாலையே பின்பற்றிய முறை அதுதான். காரை நீண்டகாலம் வைத்திருக்கப் போகிறவருக்கு இரண்டாவதையும், சில ஆண்டுகளில் விற்க நினைப்பவருக்கு முதலாவதையும் சொல்வேன். பெயர் தெரியாத மலிவான பேரிங்கை மட்டும் வாங்காதீர்கள். 2006 முதல் 2008 வரையிலான கார் வைத்திருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், உங்களுடையது பெரிய பேரிங். என்ஜின் உடலைப் பிரிக்காமல் அது வெளியே வராது. அதன் வெளிப்புறச் சீலை மட்டும் நெம்பி எடுத்துவிட்டு ஆயில் படும்படி விடுவதே நடைமுறை.

செய்முறையில் ஒன்றை வலியுறுத்த வேண்டும். கிராங்க் புல்லியின் பள்ளத்தில் பின்னைச் செருகி அதை மேல்நிலையில் பூட்டாமலும், கேம்களை அவற்றுக்குரிய கருவியால் பிடிக்காமலும், செயின்களை இறுக்கிப் பிடிக்கும் மூன்று டென்ஷனர்களையும் தளர்த்தாமலும் பேரிங்கின் மூடியில் கை வைக்கக் கூடாது. டென்ஷனர் இழுத்துக்கொண்டிருக்கும்போது மூடியைக் கழற்றினால் தண்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சிலசமயம் செயின் ஒரு பல் தாவிவிடும். அது தெரியாமலே என்ஜினை ஏற்றி ஸ்டார்ட் செய்தவர்களும் உண்டு. வேலை முடிந்ததும் பின்னை எடுத்துவிட்டுக் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, அந்தப் பூட்டுப் பின் மறுபடி சரியாக நுழைகிறதா, கேம்களின் குறிகள் முன்பிருந்த இடத்திலேயே வந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். எங்காவது கனமாகத் தடுத்தால் நிறுத்துங்கள், பலம் காட்டாதீர்கள்.

இனி, நீங்கள் என்ஜினை இறக்கியதற்கே காரணமான கசிவு. கிளட்சையும் ஃப்ளைவீலையும் கழற்றியபின், துடைப்பதற்கு முன், விளக்கடித்து ஒரு நிமிடம் பாருங்கள். ஈரம் நடுவில் கிராங்க் ஷாஃப்டைச் சுற்றித் தொடங்கினால் குற்றவாளி பின்புறப் பிரதான ஆயில் சீல். அதற்குக் கீழே உள்ள இடைத்தண்டு மூடியிலிருந்து தொடங்கினால், சீலை எத்தனை முறை மாற்றினாலும் ஆயில் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். பலர் சீலைப் பழித்துவிட்டு மூடியை மறந்துவிடுகிறார்கள். பேரிங் வேலையோடு மூடியின் புதிய சீலும் பசை பூசிய புதிய போல்ட்டுகளும் வந்துவிடும் என்பதால் இரண்டும் ஒருசேரத் தீரும். பிரதான சீலுக்குப் பிற்காலத்தில் வந்த டெஃப்லான் வகையையே வாங்குங்கள். அதை ஆயிலோ கிரீஸோ தடவாமல், கிராங்கின் பரப்பையும் எண்ணெய்ப் பசையறத் துடைத்து, உலர்வாகத்தான் ஏற்ற வேண்டும். பழைய ரப்பர் சீலில் பழகிய கை தன்னையறியாமல் ஆயில் தடவிவிடும். டெஃப்லான் சீல் அங்கேயே கெட்டது. சுத்தியலால் தட்டி ஏற்றாமல், ஆழத்தைச் சீராக வைக்கும் கருவியை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

கிளட்ச் பற்றி நீண்டு பேச ஒன்றுமில்லை. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்; பாதி தேய்ந்ததை மறுபடி மாட்டுவது சிக்கனமாகாது. ஃப்ளைவீல் இரட்டைத் திணிவு வகை, அதாவது நடுவில் வில்கள் வைத்து இணைத்த இரு பாதிகள் கொண்டது. அதைக் கையால் இரு திசையிலும் முறுக்கிப் பாருங்கள்: வில்லின் எதிர்ப்போடு சிறிது சுழன்று திரும்பினால் நல்லது, தொளதொளவென்று ஆடினாலோ, விளிம்பு முன்பின்னாக அசைந்தாலோ, உள்ளிருந்து கிரீஸ் கசிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். ஃப்ளைவீல் போல்ட்டுகள் ஒருமுறை மட்டுமே பயன்படுபவை. எடை குறைந்த ஒற்றை ஃப்ளைவீல் போட்டால் என்ஜின் சட்டென்று சீறும் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். இந்த என்ஜினின் முன்புறப் புல்லியில் அதிர்வைத் தணிக்கும் அமைப்பு இல்லை. கிராங்கின் முறுக்கு அதிர்வை விழுங்கும் வேலையை அந்தக் கனமான ஃப்ளைவீல்தான் செய்கிறது. சுழலும் பாகங்களை மறுசமன் செய்யாமல் அதை எடுத்துவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். கியர்பாக்ஸில் கிளட்ச் சிலிண்டர் கழன்று தொங்கும் நாட்களில் யாரும் காருக்குள் ஏறி கிளட்ச் பெடலை மிதிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்; பிஸ்டன் வெளியே துள்ளி விழும், அடியில் இருப்பவர் முகம் முழுக்க பிரேக் ஆயில்.

பேரிங்குக்கு அடுத்தபடியாக, என்ஜின் வெளியே இருப்பதால் மிகப் பெரிய லாபம் கிடைக்கும் பாகம், ஆயில் ஆவியையும் ஆயிலையும் பிரிக்கும் பிரிப்பான். இன்டேக் குழாய்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் உருளை அது. உள்ளே மெல்லிய ரப்பர் சவ்வு. சவ்வு கிழிந்தால் என்ஜின் தன் ஆயிலைத் தானே உறிஞ்சும். ஒருநாள் காலை ஸ்டார்ட் செய்ததும் தெருவே மறையும்படி வெண்புகை கிளம்பும். மோசமான நிலையில் சிலிண்டருக்குள் ஆயில் தேங்கி, பிஸ்டன் மேலே வர முடியாமல் கனெக்டிங் ராடே வளைந்துவிடலாம். ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைத் திறக்க முயலும்போது, யாரோ உள்ளிருந்து பிடித்து இழுப்பதுபோல் அது விட மறுத்தால் சவ்வு போய்விட்டதென்று பொருள். என்ஜின் காருக்குள் இருக்கும்போது இதை மாற்றுவது கண்ணுக்குத் தெரியாத போல்ட்டோடு நடத்தும் மல்யுத்தம். வெளியே இருக்கும்போது டீ ஆறுவதற்குள் முடியும் வேலை. நன்றாக இருக்கிறதா என்று ஆராயவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அதோடு சேரும் மடிப்புக் குழாயையும் மறக்க வேண்டாம். பழைய பிளாஸ்டிக் தொட்டாலே நொறுங்கும்.

குளிரூட்டும் பக்கத்தில் முதலில் வாட்டர் பம்ப். தொழிற்சாலை பம்பின் இறக்கைச் சக்கரம் பிளாஸ்டிக் கலவை. அது முதுமையில் உடைந்தால் துண்டுகள் என்ஜினின் தண்ணீர் வழிகளில் போய்ச் சிக்கும். பிறகு எந்தச் சிலிண்டரில் தண்ணீர் போகவில்லை என்று தேடும் நிலை வரும். அதனால் உலோக இறக்கை நல்லது என்று தோன்றும். ஆனால் உலோக இறக்கை பம்பில் பேரிங் தளர்ந்தால், அது அலுமினிய என்ஜின் உடலையே சீவித் தள்ளும். பம்பை மாற்றலாம், என்ஜின் உடலை மாற்ற முடியுமா? ஆகவே பிளாஸ்டிக் இறக்கை கொண்ட மூலப் பம்பையே வாங்கி, அதைக் கெடும்வரை ஓட்டாமல் காலக்கணக்கு வைத்து மாற்றுவதே என் வழக்கம். பழைய பம்பைக் கழற்றியதும் இறக்கைகளை எண்ணிப் பாருங்கள்; ஒன்று குறைந்தாலும் காணாமல்போன துண்டு கிடைக்கும்வரை மூடாதீர்கள். பம்புக்கு அருகிலேயே உள்ள தெர்மோஸ்டாட்டையும் மாற்றிவிடுங்கள். 71 டிகிரியில் திறக்கும் வகை கிடைக்கிறது, வெப்பமான ஊரில் ஓட்டுபவர்களுக்கு அது பொருந்தும்.

கூலன்ட் விரிவுத் தொட்டி இந்தக் காரின் இன்னொரு நாள்பட்ட நோயாளி. பிளாஸ்டிக் இணைப்புக் கோட்டில் மயிரிழை விரிசல் விட்டு, சூட்டில் மட்டும் கசியும். கீழே சொட்டு விழுமுன் ஆவியாகிவிடுவதால், இனிக்கும் ஒரு வாடை மட்டுமே சாட்சி. என்ஜின் உள்ளே இருக்கும்போது அதை வெளியே எடுக்க முயன்று, கடைசியில் என்ஜினைச் சற்று இறக்கியே தீர்த்தவர்கள் பலர். தொட்டியையும், அதன் மூடியையும், அங்கே கைக்கெட்டும் ரப்பர் ஹோஸ்களையும் இப்போதே மாற்றுங்கள். என்ஜினின் மேற்புறத்தில் உள்ள ஆயில் கூலரைக் கழற்றி அடியிலுள்ள ஓ-ரிங்குகளைப் புதிதாக்குவது சில ரூபாய் வேலை. அவை விட்டுக்கொடுத்தால் ஆயிலும் கூலன்டும் கலந்து மோர்க்குழம்பு நிறத்தில் தொட்டி நிறையும். சாதாரணக் கரேராவை விட்டுவிட்டு 996 டர்போவோ ஜிடி3யோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: உங்கள் என்ஜின் போர்ஷே பொறியாளர் ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயரால் அறியப்படும் வேறு குலம், மேலே சொன்ன பேரிங் கவலை உங்களுக்கில்லை, ஆனால் உங்கள் கூலன்ட் குழாய் முனைகள் பசையால் ஒட்டப்பட்டவை. சூட்டில் பசை விட்டால் ஓடும் காரின் பின்சக்கரங்களுக்கு அடியில் கூலன்ட் கொட்டும். என்ஜின் இறங்கும்போது அந்த முனைகளைக் கழற்றி வெல்டிங் செய்வதையோ உலோகப் பின் அடித்து நிறுத்துவதையோ தவறவிடக் கூடாது.

ஸ்பார்க் பிளக்குகளும் காயில்களும் காருக்குள்ளிருந்தே மாற்றக்கூடியவை. ஆனாலும் ஆறு பிளக்குகளையும் இப்போது மாற்றுங்கள், ஏனெனில் அவற்றைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் குழல்களின் ஓ-ரிங்குகளை மாற்ற எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள். காயில்களில் விரிசல் இருப்பவற்றை மட்டும் மாற்றினால் போதும். கேம் பக்கத்து முனைகளில் உள்ள பச்சை வட்ட அடைப்பான்களில் ஈரம் தெரிந்தால் அவற்றையும். ஃப்ளைவீல் கூட்டுக்கு அருகிலுள்ள கிராங்க் சென்சார் விலை சொற்பம், கெட்டால் சூடான என்ஜின் நடுவழியில் ஸ்டார்ட் ஆகாது, யோசிக்காமல் போட்டுவிடுங்கள். சூடான என்ஜின் மந்தமாகச் சுழல்கிறது என்று பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் அடுத்தடுத்து மாற்றி ஏமாந்தவர்களுக்குத் தெரியும், உண்மையான எதிரி ஆல்டர்நேட்டருக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையிலான தடித்த கேபிள் என்பது. உள்ளே பச்சை பூத்து மின்னோட்டத்தைத் தின்னும் அந்தக் கேபிளுக்குத் திருத்திய வடிவம் கிடைக்கிறது. இப்போது இழுத்து மாட்டினால் பிறகு தேட வேண்டியதில்லை.

எக்ஸாஸ்ட் மெனிஃபோல்டின் போல்ட்டுகள் விஷயத்தில் மட்டும் என் அறிவுரை தலைகீழானது. கேஸ்கட் கசியவில்லை, மெனிஃபோல்டைக் கழற்ற வேறு காரணமும் இல்லை என்றால், துருப்பிடித்த அந்தத் தலைகளைத் தொடாதீர்கள். தொட்டால் ஒன்றாவது முறியும். கழற்றியே ஆக வேண்டும் என்றால், துரு நீக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே விட்டு, மறுநாள் தூண்டல் சூட்டியால் சூடாக்கி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். முறிந்தாலும் துளையிட்டு எடுக்க இதைவிட வசதியான நேரம் வாய்க்காது என்பது மட்டும் ஆறுதல்.

எல்லோரும் என்ஜினையே சுற்றிச் சுற்றிப் பார்ப்பதால், காலியாக இருக்கும் காரின் வயிற்றை யாரும் பார்ப்பதில்லை. கியர்பாக்ஸுக்கு மேலாகச் செல்லும் பிரேக் உலோகக் குழாய்கள் மற்ற நாளில் கண்ணுக்கே தெரியாதவை. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் ஓடிய கார் என்றால், அவை துருவில் செதில் செதிலாக உரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். அதே இடத்தில் கிளட்ச் குழாய், கியர் மாற்றும் கேபிள்களின் முனைகள், பெட்ரோல் ஹோஸ்கள் ஆகியவற்றையும் விளக்கடித்துப் பாருங்கள். என்ஜின் மவுண்டுகள் உள்ளே திரவம் கொண்டவை. கறுப்பாக வழிந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

செய்யக் கூடாதவற்றில் மேலும் இரண்டு. நன்றாக ஓடிய என்ஜினின் கேம் மூடிகளைச் சும்மா பார்க்கலாம் என்று திறக்காதீர்கள். அவற்றைக் கசியாமல் மூடுவது பழகியவர் வேலை. மின் இணைப்பிகள் திறந்து கிடக்கும்போது உயர் அழுத்தத் தண்ணீரால் என்ஜினைக் கழுவாதீர்கள். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் துணியும் போதும்.

ஏற்றும்போது அவசரம் வேண்டாம். அலுமினியத்தில் ஏறும் 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். பெரிய ரெஞ்சைப் பிடித்த கை அதை உணரவே உணராது, மரை போன பிறகுதான் தெரியும். என்ஜின் காருக்குள் ஏறியபின் பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் அழுத்தமானி எழும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். இந்தக் காரில் கூலன்ட் 20 லிட்டருக்கு மேல், குழாய்கள் முன்பக்க ரேடியேட்டர்வரை போய்த் திரும்புகின்றன; வெறுமனே ஊற்றினால் எங்காவது காற்று சிக்கும், வெற்றிட முறையில் நிரப்புவதே சரி. முதல் ஸ்டார்ட்டில் சில நிமிடம் புகை வரும். சிந்திய ஆயிலும் கிரீஸும் எரிவது அது, பயப்பட வேண்டாம்.

பிறகு 500 கிலோமீட்டர் ஓட்டியதும் ஆயிலை மாற்றி, அந்த ஃபில்டரையும் முதல் ஃபில்டரைப் போலவே அறுத்து விரியுங்கள். பழைய ஃபில்டரின் மடிப்பைத் தூக்கி எறியாமல் தேதி எழுதிய பையில் வைத்திருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.